பணியிடத்தில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் துணைநிற்பது எப்படி: நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மகப்பேறு விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் பெண்ணின் மனத்தில் முதல் நாளில் இரண்டு கேள்விகள் இருக்கும்: பாலை எங்கே எடுப்பது, அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது. முதல் கேள்விக்கு இன்று பல நிறுவனங்களில் விடை கிடைத்துவிடுகிறது. கதவில் பலகை மாட்டிய ஓர் அறையை ஒதுக்கியிருப்பார்கள். இரண்டாவது கேள்விதான் அவரை வாட்டுகிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளர் முன் நின்று அனுமதி கேட்க வேண்டியிருந்தால், எத்தனை வசதியான அறை இருந்தாலும் அவர் ஒருநாள் ஒரு முறையைத் தள்ளிப்போடுவார், இன்னொரு நாள் ஒரு முறையை விட்டுவிடுவார், சில வாரங்களில் பால் வற்றிவிட்டதே என்று வருந்தி நிறுத்திவிடுவார். பணியாளர் நலன் தொடர்பான வேலையில் இருந்து நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தாய் வாய்திறந்து கேட்காமலேயே எல்லாம் கிடைக்கும்படி செய்திருந்தால்தான் அது ஏற்பாடு. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்த அளவுகோலால் அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: பால் ஏன் காத்திருப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இடைவேளையைச் சலுகையாக நினைக்கும் மேலாளரிடம் விதிமுறையைக் காட்டி வாதிடுவதைவிட, உடல் எப்படி இயங்குகிறது என்று விளக்குவது விரைவில் பலன் தரும். குழந்தை உறிஞ்சும்போதோ பால் எடுக்கும் கருவியான பம்ப் இயங்கும்போதோ காம்பில் எழும் தூண்டல், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எட்டுகிறது. அங்கிருந்து வெளிப்படும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்கச் செய்கிறது; ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், பால் தேங்கியிருக்கும் நுண்பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. மார்பு நிறைந்தபடியே நெடுநேரம் இருந்தால், பால் தேவையில்லை என்று உடல் எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. இன்று தவறிய இடைவேளையை நாளை ஈடுசெய்ய முடியாது. அப்படித் தவறுவது வழக்கமானால் சுரப்பே குறைந்துவிடும். அடுத்து, எடுக்கப்படாத பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாக இறுகி வலிக்கும், சிலருக்கு மார்பகத்தில் அழற்சி ஏற்பட்டுக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து படுக்கையில் தள்ளிவிடும். மூன்றாவதைத்தான் பலரும் அறியாதிருக்கிறார்கள்: அச்சமும் அவசரமும் கூச்சமும் ஆக்சிடோசின் வெளிப்படுவதைத் தடுக்கும். கதவை யாராவது திறந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தோடு அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு, மார்பில் பால் இருந்தும் அது இறங்காது. தாழிடக்கூடிய கதவு வேண்டும் என்பது அதனால்தான்.

குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும், அதன்பின் துணையுணவோடு 2 வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. விடுப்பு பெரும்பாலும் இந்தக் காலத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இளங்குழந்தையின் தாய் ஏறத்தாழ 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்க வேண்டியிருக்கும். அதாவது 8 மணி நேர வேலையில் 2 அல்லது 3 முறை. எடுப்பதற்கு மட்டும் 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். அறைக்கு நடப்பது, கருவியைப் பொருத்துவது, பாலை மூடி வைப்பது, பாகங்களைக் கழுவுவது எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரத்தை எட்டிவிடும். அறை வேறு தளத்தில் இருந்தால் இன்னும் கூடும். குழந்தை பிற உணவுக்குப் பழகிய பின் இந்தத் தேவை படிப்படியாகக் குறையும், ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு குறையும் என்பது தாய்க்குத் தாய் மாறுபடும்.

படி 2: கொள்கையை எழுத்தில் வையுங்கள்

பாலூட்டும் இடைவேளை புதிய கோரிக்கை அன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல், தான் தொடங்கப்பட்ட அதே ஆண்டில் ஏற்றுக்கொண்ட மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கையிலேயே, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள் நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் தர வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் உடன்படிக்கை, நாளுக்கு ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடைவேளைகளையோ அன்றாட வேலை நேரக் குறைப்பையோ உரிமையாக்கி, அந்த நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டு ஊதியம் தர வேண்டும் என்று வகுத்தது. அதனுடன் வந்த 191-ஆம் பரிந்துரை, இயன்ற இடங்களில் பணியிடத்திலோ அருகிலோ தூய்மையான பாலூட்டும் வசதியை அமைக்கச் சொல்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் இதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். முதலில் அதைப் படித்துவிட்டு, சட்டம் சொல்வதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நிறுவனம் என்ன தரப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்.

கொள்கை ஆவணம் இரண்டு பக்கங்களுக்கு மேல் போக வேண்டியதில்லை. இடைவேளைக்கு ஊதியம் உண்டு, தாய் பாலூட்டும் காலம் முழுவதும் அது தொடரும், அவர் ஒரேயொரு முறை தகவல் தெரிவித்தால் போதும், சிக்கல் வந்தால் நேரடி மேலாளரைத் தாண்டி அணுகக்கூடிய பொறுப்பாளர் இவர் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள், பாலூட்டுவது நோயல்ல.

யாருக்கெல்லாம் இது பொருந்தும் என்ற வரியை மிகுந்த கவனத்தோடு எழுதுங்கள். நிரந்தரப் பணியாளர், பகுதிநேரப் பணியாளர், பயிற்சியாளர், ஒப்பந்ததாரர் வழியாக வருபவர் எல்லோரும் அதில் அடங்க வேண்டும். பாலூட்டும் அறையை நாள்தோறும் துடைத்துச் சுத்தம் செய்யும் ஒப்பந்தப் பணியாளருக்கு அதே அறையில் அமர்ந்து பால் எடுக்க உரிமை இல்லாத நிலையை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேறொருவரின் ஊழியர் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். ஒப்பந்ததாரரோடு செய்யும் உடன்படிக்கையிலேயே இந்த உரிமையைச் சேர்த்துவிட்டால் அந்தக் காரணம் இல்லாமல் போகும்.

படி 3: விடுப்புக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள்

பணியாளர் விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போதே கொள்கையின் நகல், அறை இருக்கும் இடம், பொறுப்பாளரின் பெயர் ஆகியவற்றை விடுப்பு ஆணையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். குழந்தைக்கு எப்படிப் பாலூட்டப் போகிறார் என்று அந்த வேளையில் கேட்பது முறையல்ல, அவருக்கே தெரிந்திருக்காது. இங்கே இந்த வசதிகள் உண்டு, வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும்.

திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் பொறுப்பாளர் ஒருமுறை தொடர்புகொண்டு, உத்தேசமாக எந்த நேரங்களில் இடைவேளை தேவைப்படும், பயண நேரம் எவ்வளவு, குழந்தை யாருடைய பராமரிப்பில் இருக்கும் என்பவற்றைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பப் பணிநேர அட்டவணையை அமைத்துவிட வேண்டும். வார நடுவில் ஒரு நாளில் பணியில் சேர அனுமதிப்பது செலவில்லாத பேருதவி. முதல் வாரம் இரண்டு மூன்று நாட்களோடு முடிந்துவிடுவதால், தாயும் குழந்தையும் புதிய ஒழுங்குக்குப் பழக ஓர் இடைவெளி கிடைக்கும். முதல் மாதத்தில் குறைந்த நேர வேலையோ, வேலையின் தன்மை இடம்கொடுத்தால் சில நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரிவதோ இயலுமானால் இன்னும் நல்லது.

படி 4: நேரத்தைப் பாதுகாத்துக் கொடுங்கள்

நிறுவனங்கள் பணத்தைச் செலவிடுவது அறைக்கு. தாய்மார்கள் தோற்றுப்போவது நேரத்தில். அதனால் இந்தப் படியில் சற்று அதிகமாகவே நின்று பேச விரும்புகிறேன்.

மேசை வேலையில் இருப்பவருக்கு வழி எளிது. இடைவேளை நேரங்களை அவருடைய நாட்காட்டியில் முன்பதிவு செய்து, அந்த நேரத்தில் யாரும் கூட்டம் வைக்க முடியாதபடி செய்துவிடலாம். காரணத்தை அதில் எழுத வேண்டியதில்லை. நீண்ட கூட்டங்களை நடத்துபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோருக்குமான இடைவேளை விட்டால், ஒருவர் மட்டும் எழுந்து போகும் சங்கடமும் இராது.

கடினமான இடம் உற்பத்தி வரிசை, மருத்துவமனை வார்டு, பணம் வாங்கும் முகப்பு, வகுப்பறை, அழைப்பு மையம் போன்றவை. அங்கே ஒருவர் நகர்ந்தால் வேலை நின்றுவிடும். இத்தகைய இடங்களில், மாற்று ஆள் இல்லாத இடைவேளை காகிதத்தில் மட்டுமே இருக்கும். எந்த நேரத்தில் யார் வந்து அந்த இடத்தைப் பொறுப்பேற்பார் என்பது ஷிஃப்ட் தொடங்குமுன் அட்டவணையிலேயே பெயரோடு இருக்க வேண்டும். மாற்று ஆள்தான் நேரத்துக்கு வந்து தாயை விடுவிக்க வேண்டும். தாய் போய் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால், நெரிசலான நாட்களில் அவர் தேடவே மாட்டார். வார்டில் தோழிகள் திணறிக்கொண்டிருக்கும்போது எனக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்க எந்தச் செவிலியருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தை அவருடைய குறையாகப் பார்க்காமல், அட்டவணையின் குறையாகப் பாருங்கள்.

செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் வேலைகளில், இடைவேளை நேரத்துக்கு அந்தப் பணியாளரின் சராசரி வருவாயைக் கணக்கிட்டு வழங்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறை பால் எடுக்கும்போதும் அவர் கூலியை இழப்பார். அழைப்புகளின் எண்ணிக்கை, இலக்கு, மதிப்பெண் ஆகியவற்றால் மதிப்பிடப்படுவோருக்கும் இதுவே பொருந்தும்: அன்றைய இலக்கிலிருந்து இடைவேளை நேரத்தைக் கழித்துவிட்டே மதிப்பிட வேண்டும். எல்லோருக்கும் உள்ள உணவு இடைவேளையைப் பாலூட்டும் இடைவேளையாகக் கணக்கில் எழுதுவதும் தவறு. பாலூட்டும் பெண்ணுக்குப் பசியும் தாகமும் அதிகம்.

நேரங்களைக் கடிகார முள்ளோடு கட்டிவிடாதீர்கள். காலையில் குழந்தை குடித்தது குறைந்தால் மார்பு முன்னதாகவே நிறைந்துவிடும். கால் மணி நேரம் முன்பின்னாகச் செல்ல இடமிருக்க வேண்டும்.

படி 5: அறையை அமையுங்கள்

கழிப்பறை பாலூட்டும் அறை ஆகாது. குழந்தை அருந்தப்போகும் உணவு அங்கே எடுக்கப்படுகிறது என்ற ஒரு காரணமே போதும். உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, வெளியிலிருந்து பார்க்க முடியாத சாளரம், முதுகுக்கும் கைகளுக்கும் சாய்மானம் தரும் நாற்காலி, கருவியை வைக்கத் தட்டையான மேசை, எட்டும் தூரத்தில் மின் இணைப்பு, காற்றோட்டம், போதிய வெளிச்சம் ஆகியவை இன்றியமையாதவை. உள்ளேயோ மிக அருகிலோ கைகழுவும் தொட்டியும் சோப்பும் குடிநீரும் வேண்டும். மேலாடையை மாட்ட ஒரு கொக்கி, சிறிய கண்ணாடி, மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவை மிகக் குறைந்த செலவில் பெரிய ஆறுதல் தருபவை. ஒருவர் பயன்படுத்த இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள இடமே போதுமானது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் அறையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் நடுவே திரையிட வேண்டும். கண்காணிப்புக் கேமரா உள்ளே இருக்கக் கூடாது, கதவை நோக்கியும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே கேமரா உள்ள அறையை ஒதுக்கினால் அதை அணைத்துவிட்டதாகச் சொல்வது போதாது, கழற்றிவிட வேண்டும்.

சாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் அறை அழகாக இருந்தது, ஆனால் சாவி நுழைவாயில் காவலரிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டுச் சாவி வாங்க வேண்டும். சில மாதங்களில் அந்த அறையில் பழைய அட்டைப்பெட்டிகள் குவிந்துவிட்டன. யாரும் பயன்படுத்தவில்லை என்பதே தேவை இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தனிச் சாவியோ கதவின் குறியீட்டு எண்ணோ கொடுத்துவிடுங்கள்.

எத்தனை அறைகள் வேண்டும் என்பதைக் கணக்கிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அரை மணி நேரம் வீதம் 8 மணி நேரத்தில் 16 முறை ஓர் அறையைப் பயன்படுத்த முடியும் என்று காகிதத்தில் தோன்றும். உண்மையில் எல்லோருக்கும் தேவை முற்பகல், நண்பகல், பிற்பகல் என்று ஒரே வேளைகளில் குவியும் என்பதால், ஓர் அறைக்கு நான்கைந்து தாய்மார்களுக்கு மேல் போனால் வரிசையில் காத்திருக்க நேரிடும்.

தனி அறைக்கு இடமில்லாத சிறு நிறுவனம், மேலாளரின் அறையைக் குறித்த நேரங்களில் ஒதுக்கலாம், அல்லது பொருள் வைக்கும் அறையின் ஒரு மூலையை நிலையான தடுப்பால் பிரித்துத் தாழ்ப்பாள் போடலாம். களப்பணியாளருக்கு, அவர் செல்லும் இடத்தில் உள்ள வாடிக்கையாளர் அலுவலகத்தோடு நிறுவனமே முன்கூட்டிப் பேசி அறை ஏற்பாடு செய்ய வேண்டும். திறந்தவெளி வேலையில் சாளரங்களுக்குத் திரையிட்ட வாகனமோ தாழிடக்கூடிய சிறு கூடாரமோ பயன்படும். மின் இணைப்பு இல்லாத இடங்களுக்கு மின்கலத்தில் இயங்கும் பம்பும் கையால் இயக்கும் பம்பும் உள்ளன.

படி 6: பாலைச் சேமிக்கும் வசதி

எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பநிலையில் 4 மணி நேரமும், 4 டிகிரியில் உள்ள குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்களும், உறைந்த ஐஸ் பேக் வைத்த வெப்பக்காப்புப் பையில் 24 மணி நேரமும் நன்றாக இருக்கும். மைனஸ் 18 டிகிரி உறைநிலைப் பெட்டியில் 6 மாதங்களுக்குள் பயன்படுத்துவது சிறந்தது. வேலையிடம் 25 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் இருந்தால் எடுத்தவுடன் குளிரில் வைப்பதே பாதுகாப்பு. உறைந்ததை இளக்கிய பின் மறுபடி உறைய வைக்கக் கூடாது; நுண்ணலை அடுப்பில் சூடாக்கவும் கூடாது, ஏனெனில் ஆங்காங்கே அளவுக்கு மீறிச் சூடாகிக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடக்கூடும்.

அறையிலேயே சிறிய குளிர்சாதனப் பெட்டி இருப்பது நல்லது. அது இயலாதபோது பொதுப் பெட்டியில் பெயரும் தேதியும் எழுதிய மூடிய பையில் வைக்கலாம். தாய்ப்பால் உணவே, அதைப் பிற உணவுகளோடு வைப்பதற்குத் தனிப் பாதுகாப்பு நடைமுறை எதுவும் தேவையில்லை என்பதை முகம் சுளிப்பவர்களிடம் பொறுப்பாளர் அமைதியாக விளக்க வேண்டும். பம்பின் பாகங்களைத் தொட்டியில் நேராகப் போட்டுக் கழுவாமல், அதற்கென்று வைத்த பாத்திரத்தில் சோப்பு நீரால் கழுவிக் காற்றில் உலர வைப்பதே முறை. பலர் பயன்படுத்தும்படி நிறுவனம் பம்ப் வாங்குவதானால், பலரது பயன்பாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்ட வகையை வாங்கி, பாலைத் தொடும் பாகங்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

படி 7: வேலையின் தீங்குகளை ஆராயுங்கள்

அலுவலகங்கள் இந்தப் படியை விரைவாகக் கடக்கலாம்; தொழிற்சாலைகள், ஆய்வகங்கள், பண்ணைகள், மருத்துவமனைகள் அப்படிச் செய்யக் கூடாது. ஈயம், பாதரசம், கரிமக் கரைப்பான்கள், சில பூச்சிக்கொல்லிகள், புற்றுநோய் மருந்துகள் ஆகியவை தாயின் உடலில் சேர்ந்து பாலின் வழியே குழந்தையை அடையக்கூடியவை. ஈயம் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து, கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இரத்தத்தில் கலக்கும் இயல்புடையது. கதிர்வீச்சைப் பொறுத்தவரை தேவையற்ற அச்சமும் உண்டு, தேவையான எச்சரிக்கையும் உண்டு: எக்ஸ்ரே கதிர் பாலைக் கெடுப்பதில்லை, ஆனால் திறந்த நிலையில் கையாளும் கதிரியக்கப் பொருள் உடலுக்குள் போனால் பாலில் கலக்கலாம். இத்தகைய வேலையில் இருப்பவரை ஊதியமோ பதவி நிலையோ குறையாமல் தற்காலிகமாக வேறு பணிக்கு மாற்ற வேண்டும்.

படி 8: மேலாளர்களையும் உடன் பணிபுரிவோரையும் ஆயத்தப்படுத்துங்கள்

எவ்வளவு நல்ல கொள்கையையும் ஒரு பெருமூச்சால் வீழ்த்திவிடலாம். இடைவேளைக்கு எழுந்தவரிடம் "மறுபடியுமா?" என்று கேட்பதும், "இன்னும் எத்தனை மாதம்?" என்று விசாரிப்பதும், எடுத்த பாலின் அளவைப் பற்றிப் பேசுவதும் துன்புறுத்தலே என்று பயிற்சியில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தாயின் பணிச்சுமையை ஈடு இல்லாமல் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் ஏற்றிவிட்டு, அவர் முகம் சுளித்தால் குறைசொல்வது நியாயமில்லை. மாற்று ஏற்பாட்டை நிறுவனம் முறையாகச் செய்தால் மனக்கசப்பில் பெரும்பகுதி எழாது. மனைவிக்குத் துணையாக இருக்க வேண்டிய ஆண் பணியாளர்களுக்கும் இந்தத் தகவல்களைக் கொடுங்கள்.

வாய்ப்பிருந்தால் பணியிடத்திலோ அருகிலோ குழந்தைகள் காப்பகம் அமையுங்கள். தாய் நேரடியாகப் பாலூட்டுவதற்கு ஈடான பம்ப் எதுவும் இல்லை. காப்பகம் இயலாத இடத்திலும், பராமரிப்பவர் குழந்தையை இடைவேளை நேரத்தில் அழைத்துவர அனுமதிக்கலாம்.

படி 9: எளிதில் மறக்கப்படுகிறவர்களை நினைவில் கொள்ளுங்கள்

குழந்தையை இழந்த தாய்க்கும் பால் சுரக்கும். அவர் துயரத்தோடு பணிக்குத் திரும்பும்போது மார்பு நிறைந்து வலிக்கலாம், மெல்ல மெல்லக் குறைக்க அவருக்கும் இடைவேளையும் தனிமையும் தேவைப்படலாம். கொள்கையில் குழந்தையின் வயதைக் கேட்கும் படிவம் இருந்தால் அவரால் அதை நிரப்பவே முடியாது. "பால் சுரக்கும் எந்தப் பணியாளரும்" என்று எழுதிவிட்டால் அவர் எதையும் விளக்க வேண்டியிராது.

பாலூட்ட இயலாதவரும் வேண்டாமென்று முடிவெடுத்தவரும் உங்கள் பணியாளர்களே. ஊக்கப்படுத்தும் சுவரொட்டிகள் அவர்களைக் குத்திக்காட்டாதபடி சொற்களைத் தேர்ந்தெடுங்கள். அதேவேளையில், குழந்தைப் பால்மாவு தயாரிக்கும் நிறுவனங்களின் நன்கொடையையோ பரிசுப் பையையோ இந்த அறைக்காக ஏற்காதீர்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதித்தொகுப்பை உலக சுகாதாரப் பேரவை 1981-இல் ஏற்றுக்கொண்டது; சோர்ந்துபோன தாய் தனியே அமர்ந்திருக்கும் அறைச் சுவரில் அத்தகைய விளம்பரம் தொங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

படி 10: பயன்படுத்தியவர்களிடம் கேட்டுத் திருத்துங்கள்

அறைக்குள் எத்தனை முறை யார் வந்தார் என்ற பதிவு தேவையில்லை. தாய் பணிக்குத் திரும்பி இரண்டு வாரங்கள் கழித்து ஒருமுறை, மூன்று மாதங்கள் கழித்து ஒருமுறை பொறுப்பாளர் தனியாகப் பேசினால் போதும். எந்த நாளில் இடைவேளை தவறியது, ஏன் தவறியது என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் விடைகளில் ஏற்பாட்டின் ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும்.

அவர் பாலூட்டுவதை நிறுத்த முடிவெடுக்கும்போதும் இடைவேளையை ஒரே நாளில் பறித்துவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும் என்பதால், ஒரு முறையைக் குறைத்துச் சில நாட்கள் பொறுத்து அடுத்ததைக் குறைப்பதே உடலுக்கு ஏற்றது. அந்தச் சில வாரங்களும் கொள்கைக்குள் அடங்க வேண்டும். கடைசி இடைவேளை முடிந்தபின் அவரோடு இன்னொரு முறை அமர்ந்து, எதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, எது கேட்காமலே கிடைத்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் உள்ளவற்றை, அடுத்த பெண் விடுப்பில் போவதற்குள் இரண்டாவது பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.